பீடத்துப் படத்துக்குக் காசு கொடுத்தது யார்? பரோக் ஓவியங்கள்: கேள்வி பதில்

பரோக் காலத்துத் தேவாலய ஓவியங்களைப் பற்றி (பரோக் என்பது 17-ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஐரோப்பியக் கலைப் பாணி) என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கல்லூரியில் ஐரோப்பியக் கலை வரலாறு எடுக்கிறேன். அதிலும் 1560-லிருந்து 1700 வரையிலான இத்தாலிதான் என் பேட்டை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பணத்தைச் சுற்றியே இருந்தன. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

சுண்ணாம்புச்சுவர்: மேடம், புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கின லூதர் பிரிஞ்சு போனதும் ஆட்களைத் திரும்ப இழுக்கத்தான் கத்தோலிக்கத் திருச்சபை இப்படிப் பிரம்மாண்டமா வரையச் சொன்னதுன்னு படிச்சிருக்கேன். அப்போ இதெல்லாம் விளம்பரம்தானா?

பாதி சரி. திரெந்து நகரில் 1545 முதல் 1563 வரை ஆயர்கள் கூடி விட்டுவிட்டு நடத்திய பொதுச்சங்கம், கடைசி அமர்வில்தான் படங்களைப் பற்றித் தீர்மானம் போட்டது. படமும் சுரூபமும் (புனிதர் சிலை) வைக்கலாம். வணக்கம் பலகைக்கோ கல்லுக்கோ போவதில்லை, அது காட்டும் ஆளுக்குப் போகிறது. பாமர மக்களுக்கு அவை பாடம். வழக்கத்தில் இல்லாத படம் எதையும் ஆயர் அனுமதி இல்லாமல் கோயிலில் வைக்கக் கூடாது. சாரம் இவ்வளவுதான். எந்த பாணியில் வரைய வேண்டும், இருட்டா வெளிச்சமா என்று ஒரு வார்த்தை கிடையாது. அதையெல்லாம் நீட்டி எழுதியது பிறகு வந்தவர்கள்: மிலானில் பேராயர் கார்லோ பொரோமெயோ 1577-இல், பொலோஞ்ஞாவில் கர்தினால் பலெயோத்தி 1582-இல்.

ஆனால் ‘திருச்சபை வரையச் சொன்னது’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. திருச்சபைக்கு ஒரே கஜானா கிடையாது. ரோமில் ஒரு கோயிலுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிற்றாலயங்கள், பூசை செய்யப் பீடங்களோடு. பல சிற்றாலயங்களின் உரிமை ஏதாவது ஒரு குடும்பத்திடமோ பக்த சபையிடமோ இருக்கும். உரிமை வாங்கியவர் தன் செலவில் அதை அலங்கரிக்க வேண்டும். பதிலுக்கு அவருக்கு அங்கே கல்லறை, அவர் ஆன்மாவுக்காகப் பூசை. ஆக, காசு கொடுக்கிற உபயதாரர் ஒருவர், கோயிலை நடத்துகிற குருக்கள் ஒரு தரப்பு, வரைகிறவர் இன்னொரு தரப்பு. மூவருக்கும் கணக்கு வேறு வேறு. நீங்கள் இன்று பார்க்கும் படம் அந்த இழுபறி முடிந்து சுவரில் தங்கியது.

சந்தேகம் இருந்தால் சேசு சபை என்ற துறவியர் சபையின் (ஜெஸுவிட்டுகள்) ரோம் தலைமைக் கோயிலான இல் ஜெஸுவின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். ‘கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ ஃபார்னேஸே கட்டுவித்தது’ என்று முகப்பின் அகலத்துக்கு லத்தீனில் வெட்டியிருக்கும், 1575 என்ற ஆண்டோடு. நம் ஊர் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் இருக்குமே, அதே ஆசைதான், சலவைக்கல் சைஸில். 1568-இல் கட்டடக் கலைஞர் விஞ்ஞோலாவுக்கு இந்தக் கர்தினால் எழுதிய கடிதம் இருக்கிறது: செலவு 25,000 ஸ்கூடோவை (அக்கால ரோம் நாணயம்) தாண்டக் கூடாது, ஒரே கூடமாக இருக்க வேண்டும், மேலே கல் வளைவு வேண்டும். சேசு சபையார் பிரசங்கம் எதிரொலிக்காமல் இருக்க மரக்கூரை கேட்டார்கள். கேட்டதோடு சரி. இறந்த பின் கர்தினாலை அடக்கம் செய்ததும் அங்கேதான், தலைமைப் பீடத்துக்கு முன்னால்.

கரித்துண்டு: கரவாஜ்ஜோவோட மத்தேயு படங்கள் பத்தி விரிவா சொல்லுங்க. முதல்ல யார் கேட்டாங்க, எப்படி அவர் கைக்கு வந்தது?

கரவாஜ்ஜோ 1600-ஐ ஒட்டி ரோமில் வரைந்த இத்தாலிய ஓவியர். இதை நான் வகுப்பில் ஒரு முழு மணி நேரம் எடுப்பேன். இங்கே சுருக்க முயல்கிறேன்.

மத்தியூ குவாந்த்ரேல் என்ற பிரெஞ்சுக்காரர், ரோமில் பதவியில் ஏறி மத்தேயோ கோந்தரெல்லி ஆனவர், பின்னாளில் கர்தினாலும் ஆனவர். 1565-இல் பிரெஞ்சுக்காரர்களின் கோயிலான சான் லூயிஜி தெய் ஃப்ரான்செஸியில் ஒரு சிற்றாலயத்தை வாங்கினார். தன் பெயர்கொண்ட புனிதரின் கதை, அதாவது வரி வசூலிப்பவராக இருந்து இயேசுவின் சீடரான மத்தேயுவின் கதை, அங்கே வர வேண்டும் என்பது ஆசை. ஜிரோலமோ முட்ஸியானோ என்ற ஓவியரிடம் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. 1585-இல் கர்தினால் இறந்தார். சொத்தும் பொறுப்பும் க்ரெஷென்ஸி குடும்பத்தின் கைக்குப் போயின. பீடத்துக்கு ஒரு சலவைக்கல் சிலை என்று கோபேர் என்ற ஃப்ளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பக்கம்) சிற்பியிடம் சொன்னார்கள். அவர் ஆண்டுக்கணக்கில் செதுக்கிக்கொண்டே இருந்தார். மேல்வளைவை ஜுஸெப்பே செஸாரி வரைந்தார், பக்கச் சுவர்களுக்கு வரவில்லை. பொறுத்துப் பார்த்த குருக்கள், சிற்றாலயம் பூட்டியே கிடக்கிறது, அறக்கட்டளைப் பணம் எங்கே போகிறது என்று பாப்பரசரிடமே மனு போட்டார்கள்.

1599 ஜூலை 23-ஆம் தேதி, அதுவரை பொதுக் கோயில் எதிலும் பெரிய வேலை செய்திராத கரவாஜ்ஜோவோடு ஒப்பந்தம். அடுத்த ஆண்டு யூபிலி என்ற புனித ஆண்டு, ரோம் முழுக்க யாத்ரீகர்கள் வரப்போகிறார்கள். அதற்குள் முடிய வேண்டும். இரண்டு படம், மத்தேயுவை இயேசு அழைப்பது ஒன்று, மத்தேயு கொல்லப்படுவது ஒன்று; 400 ஸ்கூடோ. இந்த வாய்ப்புக்கு வழி செய்தவர் கர்தினால் தெல் மோந்தே என்று நம்பப்படுகிறது. அவர் வீட்டில்தான் அப்போது கரவாஜ்ஜோ தங்கியிருந்தார், வீடு கோயிலுக்குப் பக்கத்திலேயே.

சுவாரஸ்யம் இனிமேல்தான். என்ன வரைய வேண்டும் என்று எழுத்தில் குறிப்பு இருந்தது: வரி வசூலிக்கிற அறை, மேசை, கணக்குப் புத்தகங்கள், பணம், இயேசு தெருவில் சீடர்களோடு போகிறபோது அழைக்கிறார், மத்தேயு மேசையிலிருந்து எழுகிறார். கரவாஜ்ஜோ மேசையையும் பணத்தையும் வைத்துக்கொண்டார். மத்தேயுவை எழுப்பவில்லை. இயேசுவை வலது ஓரத்தில் பாதி இருட்டில் நிறுத்திவிட்டு, கையை மட்டும் வெளிச்சத்துக்கு நீட்ட விட்டார். மேசையில் தாடிக்காரர் ஒருவர் ‘யார், நானா?’ என்பதுபோல விரல் நீட்டுகிறார். அது தன்னையா, பக்கத்தில் குனிந்து காசு எண்ணுகிற இளைஞனையா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. நான் தாடிக்காரர் கட்சி. எதிர்ச்சுவரில் கொலையுண்டு கிடக்கிற மத்தேயுவுக்கும் தாடி இருக்கிறது.

இன்னொன்று, போனால் கவனியுங்கள். படத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதிலிருந்து வெளிச்சம் வரவில்லை. வெளிச்சம் வலப்பக்கம், படத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. இடச்சுவரில் மாட்டிய படத்துக்கு வலப்பக்கம் என்பது பீடம் இருக்கும் திசை. பீடத்துக்கு மேலே அந்தச் சிற்றாலயத்தின் நிஜ ஜன்னல் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போயிருந்தால் இந்தக் கணக்கு தொலைந்திருக்கும்.

கோபேர் ஒருவழியாகக் கொண்டுவந்த சிலை குருக்களுக்குப் பிடிக்கவில்லை. 1602-இல் அந்த இடத்துக்கும் கரவாஜ்ஜோவிடமே படம் கேட்டார்கள், 150 ஸ்கூடோ. உபயதாரர் சிற்றாலயத்தை வாங்கி 37 வருஷம், இறந்து 17 வருஷம்!

வரவுசெலவு: 400 ஸ்கூடோன்னா இன்னிக்கு எவ்வளவு ரூபா?

ரூபாயில் மாற்றினால் அர்த்தமே இருக்காது. இப்படிப் பாருங்கள்: 1604-இல் கரவாஜ்ஜோ ரோமில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு ஆண்டு வாடகை 40 ஸ்கூடோ. இரண்டு படத்தின் கூலி பத்து வருஷ வாடகை. அப்படியும் ஆறு மாத பாக்கி வைத்தார். வீட்டுக்காரம்மா வழக்குப் போட்டு சாமான்களைப் பறிமுதல் செய்ய வைத்தார். அப்போது எடுத்த பட்டியல்தான் அவர் வீட்டில் என்னென்ன இருந்தது என்று நமக்குச் சொல்கிறது. கடன்காரரின் வரலாறு நன்றாகப் பதிவாகும்.

மணிமேடை: அக்கா, அவரோட படங்களைக் கோயில்ல வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்களாமே. மதத்தை அவமதிச்சாருன்னா?

எத்தனை படம் திரும்பியது, ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பெல்லோரி, பல்யோனே போன்ற பழைய சரிதக்காரர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. பல்யோனே கரவாஜ்ஜோ மேல் அவதூறு வழக்குப் போட்டவர். ஆனால் ஒரு படம் விஷயத்தில் சந்தேகம் இல்லை. மாதாவின் மரணம்.

1601 ஜூனில் லாயெர்ஸியோ கெருபீனி என்ற வழக்கறிஞர், த்ராஸ்தேவெரே பகுதியில் இருக்கும் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா கோயிலில் தன் சிற்றாலயத்துக்காக அதைக் கேட்டார். கோயில் கார்மேல் சபையாருடையது. மாதா பக்தியே உயிராக இருக்கும் சபை. மாதா இறக்கவில்லை, தூக்கம்போல ஒரு நிலை, உடனே விண்ணேற்றம் என்றுதான் அந்தக் காட்சியைக் காட்டுவது வழக்கம்: மேலே வானம் திறந்திருக்கும், தேவதூதர்கள் காத்திருப்பார்கள். கரவாஜ்ஜோ வானத்தை மூடிவிட்டார். மேலே பாதிப் படத்துக்கு வெறும் சிவப்புத் திரை. கீழே ஒரு பெண், சிவப்பு ஆடை, வயிறு உப்பி, கால்கள் கட்டிலுக்கு வெளியே விறைத்து, ஒரு கை துவண்டு தொங்குகிறது. திருத்தூதர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். முன்னால் மகதலா மரியா குனிந்து அழுகிறாள். அவள் காலடியில் செம்புப் பாத்திரம், உடலைக் கழுவ. 3.69 மீட்டர் உயரம். எழவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

ஏன் வேண்டாம் என்றார்கள்? மாடலாக இருந்தவள் ஒரு விலைமாது என்கிறார் இன்னொரு பழைய சரிதக்காரர் மன்ச்சீனி. உடல் வீங்கி கால் தெரிந்ததுதான் காரணம் என்கிறார் பல்யோனே. இரண்டுக்கும் கீழே ஒரு மூன்றாவது காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: இந்த மாதா எழுந்து வானத்துக்குப் போவாள் என்று படத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை. பதிலுக்குக் கார்லோ ஸரசேனியை வரையச் சொன்னார்கள். அவர் மாதாவை உட்காரவைத்து, கை கூப்ப வைத்து, உயிரோடு காட்டினார். அதுவும் முதல் தடவை தேறவில்லை. தேவதூதர்களைச் சேர்த்து மறுபடி வரைந்த பிறகுதான் ஏற்றார்கள். அதாவது கரவாஜ்ஜோவை மட்டும் குறிவைத்து அடிக்கவில்லை, வானம் வேண்டும் என்று கேட்டார்கள்.

தள்ளிய படத்தின் கதி என்ன ஆனது? ரோமில் இருந்த இளம் ஃப்ளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் பார்த்துவிட்டு, வாங்குங்கள் என்று தன் எஜமானரான மாந்துவா பிரபுவுக்குச் சொன்னார். 1607-இல் 280 ஸ்கூடோவுக்கு விற்றது. ஊரைவிட்டுப் போகும் முன் ரோம் ஓவியர்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஒரு வாரம் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ், அவர் தலை போன பிறகு பிரான்ஸ், பதினான்காம் லூயி, இன்று லூவர்.

இதே வழியில், மத்தேயு சிற்றாலயத்துப் பீடத்துக்கு முதலில் வரைந்து அங்கே தங்காத படத்தை வின்சென்ஸோ ஜுஸ்தினியானி என்ற செல்வந்தர் வாங்கினார் (அது 1945-இல் பெர்லினில் அழிந்தது, கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான் மிச்சம்). போப்பின் குதிரைக்காரர் சபை புனித பேதுரு பேராலயத்தில் சில நாள் மட்டும் வைத்துவிட்டு எடுத்த மாதா படத்தை கர்தினால் ஷிப்பியோனே போர்கேஸே வாங்கினார். பீடம் வேண்டாம் என்றதைக் கர்தினாலின் வரவேற்பறை அள்ளிக்கொண்டது. ஜெபிக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்று தேவாலயப் படத்தை வாங்குகிற ஒரு சந்தை இப்படித்தான் சூடு பிடித்தது.

தினகரன்தாத்தா: அழுக்குக் கால் வரைஞ்சதுக்குத் திட்டு வாங்கினாராமே?

கரவாஜ்ஜோவின் லொரேத்தோ மாதா படம். மண்டியிட்ட இரண்டு ஏழை யாத்ரீகர்களில் ஆணின் உள்ளங்கால் பீடத்தின் பக்கம் நம்மைப் பார்த்து நீட்டியிருக்கும், புழுதியோடு. சாதாரண ஜனங்கள் இதைப் பார்த்துக் கூச்சல் போட்டதாகப் பல்யோனே எழுதுகிறார். திட்டா, மெச்சலா என்று அவர் வார்த்தையை வைத்துச் சொல்ல முடியாது. யாரும் படத்தை இறக்கவில்லை என்பது மட்டும் தெரியும். சாந்த் அகொஸ்தீனோ கோயிலில் 400 வருஷமாக அங்கேயே இருக்கிறது.

நீலமை: ஓவியர்கள் விலையை எப்படி நிர்ணயிச்சாங்க? சதுர அடிக் கணக்கா?

ஆள் கணக்கு! எல்லாரும் அப்படி இல்லை, ஆனால் குவெர்ச்சீனோ என்ற இத்தாலிய ஓவியர் அப்படித்தான். முழு உருவத்துக்கு இவ்வளவு, அரை உருவத்துக்கு அதில் பாதி, தலை மட்டும் என்றால் அதிலும் பாதி. வரவு முழுக்கக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள், புத்தகம் இன்றும் இருக்கிறது. மெஸ்ஸீனாவின் அந்தோனியோ ருஃபோ என்ற பிரபு 1649-இல் 80 துகாத்துக்கு ஒரு படம் கேட்டார். குவெர்ச்சீனோவின் பதில்: என் வழக்கமான விலை ஓர் உருவத்துக்கு 125 துகாத், தாங்கள் 80 என்பதால் அரை உருவத்துக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். மரியாதையான கடிதம்தான். சிரிக்காமல் எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

உங்கள் பெயரே நீலமை என்பதால்: ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் கல்லை இடித்துச் செய்கிற நீலம் அத்தனை விலை. பல ஒப்பந்தங்களில் அதை மட்டும் உபயதாரரே தனியாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிடுவார்கள். மாதாவின் நீல மேலங்கி யார் செலவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

சட்டம்ஒழுங்கு: விசாரணை மன்றம் ஓவியர்களைப் பிடிச்சு உள்ளே போட்டதுண்டா?

விசாரணை மன்றம் என்பது மதக்கொள்கை மீறலை விசாரித்த திருச்சபை நீதிமன்றம். படத்துக்காகச் சிறை என்பது அபூர்வம். பெரிய வழக்கு என்று எல்லாரும் சொல்வது பரோக்குக்கு ஒரு தலைமுறை முந்தியது. 1573 ஜூலையில் வெனிஸில் வெரொனேஸே என்ற ஓவியரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆண்டவரின் கடைசி இராவுணவில் கோமாளி எதற்கு, குள்ளர்கள் எதற்கு, ஜெர்மன் சிப்பாய்கள் எதற்கு? படம் ஏறக்குறைய 13 மீட்டர் அகலம். இடம் நிரப்ப ஆள் வேண்டாமா என்கிற ரீதியில் அவர் பதில் சொன்னார், கவிஞருக்கும் பித்தருக்கும் உள்ள சுதந்திரம் எங்களுக்கும் உண்டு என்றார். மூன்று மாதத்துக்குள் சொந்தச் செலவில் திருத்து என்று உத்தரவு. அவர் படத்தின் பெயரைத் திருத்தினார்: ‘லேவி வீட்டு விருந்து’. கோமாளி அப்படியே இருக்கிறார்.

ஸ்பெயினில் கெடுபிடி கொஞ்சம் வேறு மாதிரி. செவியாவில் ஃப்ரான்சிஸ்கோ பசேகோ என்ற ஓவியரையே 1618-இல் விசாரணை மன்றம் தேவாலயப் படங்களின் மேற்பார்வையாளராக நியமித்தது. அமலோற்பவ மாதாவை (பிறவிப் பாவமில்லாமல் உருவான மரியா) வரைய அவர் எழுதிய விதிகள் வேடிக்கையான துல்லியம்: பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண், வெள்ளை ஆடை, நீல மேலங்கி, தலையைச் சுற்றிப் பன்னிரண்டு விண்மீன், காலடியில் பிறை, பிறையின் கொம்பு கீழ்நோக்கி. சிலுவையில் ஆணி நான்கு, மூன்று கூடாது. இவருடைய மாணவர், பிறகு மாப்பிள்ளை, புகழ்பெற்ற ஓவியர் வெலாஸ்கெஸ்.

கடலோரத்தான்: நான் தூத்துக்குடி. எங்க பக்கம் சவேரியார் வந்து போன கதை வீட்டுக்கு வீடு உண்டு. இந்தப் பெரிய ஓவியர்கள் யாராவது அவரை வரைஞ்சிருக்காங்களா? நம்ம ஆட்கள் படத்துல இருக்காங்களா?

ரூபன்ஸ் வரைந்திருக்கிறார். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆந்த்வெர்ப் நகரின் சேசு சபைக் கோயிலுக்காக, 1617–18 வாக்கில், ஐந்து மீட்டருக்கு மேல் உயரத்தில், ‘சவேரியாரின் புதுமைகள்’. தேதியைக் கவனியுங்கள்: சவேரியாருக்கு முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்திய படி) கிடைத்தது 1619, புனிதர் பட்டம் 1622. பட்டம் வருமுன்பே பீடத்துக்குப் படம் தயார்.

படத்தில் கறுப்பு அங்கியோடு சவேரியார் மேடையில் நிற்கிறார். கீழே பார்வையற்றவர், நோயாளிகள், துணி விலக்கி எழுகிற பிணங்கள். வானிலிருந்து ஒளிக்கற்றை பாய்ந்து ஒரு சிலை உடைந்து விழுகிறது. நம் ஆட்களைத் தேடினால் ஏமாற்றம்தான். ரூபன்ஸ் ஆசியப் பக்கமே வந்தவர் இல்லை; கோயில் ரோமானியத் தூண்களோடு நிற்கிறது, விழுகிற சிலை ஐரோப்பாவின் பேய்க் கற்பனை. கூட்டத்தில் கிழக்காசிய உடுப்போடு ஒருவர் தெரிகிறார். அவரைப் போன்ற ஒருவரை ரூபன்ஸ் தனியாக வரைந்த கோட்டோவியமும் இருக்கிறது. 1542-இலிருந்து இரண்டு வருஷம் முத்துக்குளித்துறையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த மனிதர், ஆந்த்வெர்ப்புக்குப் போய்ச் சேரும்போது இப்படி ஆகிவிட்டார். ஊர்க் கதையில் இருக்கிற சவேரியார்தான் எனக்கு இன்னும் நெருக்கம்.

சேசு சபையை 1773-இல் கலைத்தபோது ஆஸ்திரியாவின் மரியா தெரேஸா இதை வாங்கிக்கொண்டார், இப்போது வியன்னாவில். ஆந்த்வெர்ப் கோயிலில் ஒரு பழைய ஏற்பாடு இன்னும் இருக்கிறது: பீடத்துக்குப் பின்னால் கப்பி, கயிறு. திருநாளுக்கு ஏற்றபடி பீடப்படத்தை இறக்கி வேறு படத்தை ஏற்றுவதற்கு.

பட்டறை: ரூபன்ஸ் படம்லாம் அவரே வரைஞ்சதில்ல, பசங்கள வச்சு வரைஞ்சதுன்னு சொல்றாங்களே, அது ஏமாத்து இல்லையா?

ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் ஏமாற்று எப்படி ஆகும்? அதே ஆந்த்வெர்ப் கோயிலின் கூரைக்கு 39 படங்கள், 1620 மார்ச் 29 தேதியிட்ட ஒப்பந்தம், 7,000 கில்டர். சிறிய மாதிரிகளை ரூபன்ஸ் தன் கையால் வரைய வேண்டும். பெரிய படத்தை வான் டைக்கும் மற்ற சீடர்களும் வரைவார்கள். குறை இருந்தால் ரூபன்ஸ் திருத்த வேண்டும். அந்த வருஷக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். அதோடு, அந்த 39 மாதிரிகளையும் சபைக்குத் தர வேண்டும், இல்லாவிட்டால் பக்கப்பீடம் ஒன்றுக்கு இன்னொரு படம் தர வேண்டும். சேசு சபையாருக்கு எது விலைபோகும் என்று தெரிந்திருக்கிறது. 1718-இல் இடி விழுந்து கூரை முழுக்க எரிந்தது. நமக்கு மிஞ்சியது மாதிரிகளில் சிலதான்.

ஆந்த்வெர்ப்பில் ஏன் இவ்வளவு வேலை என்றால், 1566 ஆகஸ்டில் படவெறுப்பாளர்கள் பீடங்களை உடைத்துத் தள்ளியிருந்தார்கள். 1585-இல் ஊர் மறுபடி கத்தோலிக்கர் கைக்கு வந்தபோது சுவரெல்லாம் காலி. பேராலயத்துக்கு ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ கேட்டது துப்பாக்கி வீரர்களின் சங்கம். அவர்களின் பாதுகாவலர் கிறிஸ்தோபர், கிறிஸ்துவைத் தோளில் சுமந்தவர். மூன்று பலகையிலும் யாராவது கிறிஸ்துவைச் சுமக்கிறார்கள்: நடுவில் உடலைத் தாங்குகிறவர்கள், ஒரு பக்கம் கர்ப்பிணி மரியா, மறுபக்கம் குழந்தையை ஏந்திய சிமியோன். கதவை மூடினால் வெளியே கிறிஸ்தோபரே நிற்கிறார். உபயதாரரின் சங்கச் சின்னத்தை இறையியலாக மாற்றிக் கொடுப்பது சாமானியத் திறமை இல்லை.

ஏணிப்படி: பொய்க்கோபுரம் ஒண்ணு இருக்காமே?

சாந்த் இஞ்ஞாசியோ கோயில், ரோம். குவிமாடம் கட்டவேண்டிய இடத்தில், 1685-இல் சேசு சபைச் சகோதரர் அந்த்ரேயா போட்ஸோ ஏறக்குறைய 17 மீட்டர் அகலத் துணியில் குவிமாடத்தை வரைந்து மாட்டினார். தரையில் ஒரு சலவைக்கல் வட்டம் பதித்திருக்கும். அங்கே நின்று பார்த்தால் கோபுரம், பத்தடி தள்ளினால் கோணல். கூடத்தின் மேலே, சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் வெற்றியையும் அவரே வரைந்தார். பக்கத்துத் துறவிகள் வெளிச்சம் மறையும் என்று கட்டடத்துக்குத் தடை போட்டதாக வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்குக் காசுத் தட்டுப்பாடுதான் நம்பும்படியாக இருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்த கர்தினால் லூதொவீஸி 1632-லேயே இறந்துவிட்டார்.

கோலமாவு: பெண்கள் யாரும் பீடத்துக்கு வரைஞ்சதில்லையா?

உண்டு. பொலோஞ்ஞாவில் எலிஸபெத்தா ஸிரானி, 1658-இல், இருபது வயதில், செர்த்தோஸா கோயிலுக்கு ஆண்டவரின் திருமுழுக்கைப் பெரிய அளவில் வரைந்தார். 27 வயதில் இறந்துபோனார். அர்த்தெமீஸியா ஜென்திலெஸ்கிக்குக் கோயில் வேலை கிடைத்தது நாற்பதைத் தாண்டிய பிறகு, நேப்பிள்ஸ் பக்கம் பொட்ஸுவோலி பேராலயத்தில். தனியார் வீட்டுக்கு வரைவதைவிடப் பீடத்துக்கு வரைவதில் போட்டி அதிகம், ஆண்களின் பட்டறைக்கூட்டம் பலம். திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் அர்த்தெமீஸியாவின் யூதித் படத்தைக் காட்டுங்கள்.

வெறும்பையன்: ஜனங்க பட்டினி கிடக்கும்போது இவ்வளவு காசையும் பெயிண்டுக்குக் கொட்டினது நியாயமா?

இந்தக் கேள்வி அப்போதே இருந்தது. ஒரு பதிலும் அப்போதே வந்தது, அதைச் சொல்கிறேன்.

நேப்பிள்ஸில் 1602-இல் ஏழு இளம் பிரபுக்கள் சேர்ந்து பியோ மோந்தே என்ற தர்ம சபையைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே வெள்ளிக்கிழமைதோறும் தீராநோயாளி மருத்துவமனையில் போய்ச் சேவை செய்தவர்கள். தங்கள் சிறு கோயிலின் பீடத்துக்குப் படம் வேண்டும். அந்த நேரம் ரோமிலிருந்து ஒருவர் ஓடிவந்திருந்தார்: 1606 மே 28 அன்று சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தலைக்கு விலையோடு திரிந்த கரவாஜ்ஜோ. 400 துகாத்துக்கு அவரிடம் ஒப்படைத்தார்கள். 1607 ஜனவரியில் கணக்கு தீர்ந்தது.

திருச்சபை சொல்லும் இரக்கச் செயல்கள் ஏழும் ஒரே படத்தில், ஒரே இரவில், ஒரே சந்தில். வலப்பக்கம் சிறைக்கம்பி வழியே ஒரு பெண் கிழட்டுத் தகப்பனுக்குத் தன் முலைப்பால் கொடுக்கிறாள். பசித்தவருக்கு உணவும் சிறைப்பட்டவரைப் பார்ப்பதும் அதிலேயே முடிந்தது. கிழவனின் தாடியில் ஒரு சொட்டுப் பால் இருக்கும், தேடிப் பாருங்கள். அவளுக்குப் பின்னால் ஒரு பிணத்தைத் தூக்கிப் போகிறார்கள், தெரிவது பாதம் மட்டும். தீவட்டி பிடித்த குரு பாடிக்கொண்டே வருகிறார். இளைஞன் தன் மேலங்கியை வாளால் கிழித்துத் தரையில் கிடக்கிற அம்மணனுக்குத் தருகிறான். விடுதிக்காரன் யாத்ரீகனுக்கு வழி காட்டுகிறான். பைபிளில் வரும் பலசாலி சிம்சோன் கழுதைத் தாடையெலும்பிலிருந்து தண்ணீர் குடிக்கிறான். மேலே மாதா, குழந்தையோடு, மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிற அண்டை வீட்டுக்காரிபோல.

எந்த விலைக்கும் இதை விற்கக் கூடாது என்று சபையார் பிறகு தீர்மானம் போட்டார்கள். படம் அதே பீடத்தில் இருக்கிறது, சபை இன்றும் தர்மம் செய்கிறது. ஆக, பணம் பெயிண்டுக்கா பட்டினிக்கா என்று இவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. ஃபார்னேஸே போன்றவர்களுக்கு இதே பதில் பொருந்துமா என்றால், பொருந்தாது. அங்கே உங்கள் கோபம் நியாயம்.

கொலைகாரரை எப்படி வேலைக்கு வைத்தார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். மால்ட்டாத் தீவை ஆண்ட வீரத்துறவிகளின் சபை அவருக்கு வீரத்துறவிப் பட்டமே கொடுத்தது. 1608-இல் ஸ்நாபக அருளப்பரின் (திருமுழுக்கு யோவான்) தலைவெட்டை ஐந்து மீட்டர் அகலத்தில் வரைந்து, வழிகிற ரத்தத்திலேயே கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்திட்ட ஒரே படம் அது. அங்கும் ஒரு சண்டை, சிறை, தப்பி ஓட்டம். டிசம்பர் 1 அன்று, அந்தப் படம் இருந்த மண்டபத்திலேயே கூடி, அழுகி நாறும் உறுப்பென்று அவரைச் சபையிலிருந்து வெட்டி எறிந்தார்கள். படத்தை வைத்துக்கொண்டார்கள்.

பெட்டிபடுக்கை: அடுத்த வருஷம் ரோம் போறோம். ஒரு நாள்தான் இருக்கு, அம்மாவுக்கு ரொம்ப நடக்க முடியாது. எதை விடக் கூடாது?

நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். சான் லூயிஜி, அங்கிருந்து சில நிமிட நடையில் சாந்த் அகொஸ்தீனோ, மறுபக்கம் கொஞ்சம் நடந்தால் சாந்த் இஞ்ஞாசியோ. மூன்றுக்கும் டிக்கெட் கிடையாது. மத்தியானம் பல கோயில்களைப் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை. பல இடத்தில் சிற்றாலயத்துக்கு முன்னால் ஒரு பெட்டி இருக்கும், காசு போட்டால்தான் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும்; சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பூசை நடந்தால் ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள், அம்மாவுக்கும் ஓய்வாகும்.